பாஸ்வேர்டை மாற்றினால் அடைபடாத ஓட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையதளங்கள் அடுத்தடுத்து ஹேக் செய்யப்பட்டது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தியில் குறையில்லை. அதன் ஓரத்தில் கட்டம் கட்டி ஐந்து யோசனைகள் போட்டிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வலுவான பாஸ்வேர்டு வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள், தெரியாத லிங்க்கை அழுத்தாதீர்கள், வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள். எல்லாம் நல்ல புத்திமதிதான். ஆனால் அதே செய்தியின் நடுவில், "பிளகின் ஒன்றில் இருந்த ஸ்டோர்டு கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்னும் ஓட்டை வழியாக" என்று ஒரு வரி வருகிறது. (பிளகின் என்பது தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்.) அந்த ஓட்டைக்கும் இந்த ஐந்து யோசனைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பல்வலி என்று போனவனுக்குக் காலில் கட்டுப் போட்டு அனுப்பியது போல இருக்கிறது.

அந்த ஐந்தையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, அப்படியும் நான்கு நாள் தூக்கத்தைத் தொலைத்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

சிறிய அமைப்புகளுக்கு வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இணையதளம் செய்து பராமரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு நாள் காலையில் ஒரு அமைப்பிலிருந்து போன். எங்கள் தளத்தைக் கைபேசியில் திறந்தால் "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று வேறு எங்கேயோ போகிறதே என்றார்கள். நான் என் கணினியில் திறந்து பார்த்தேன், தளம் எப்போதும் போல இருந்தது. உங்கள் போனில்தான் ஏதோ கோளாறு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. இந்த மாதிரி வேலைகள் லாகின் செய்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், வெளியாட்களுக்கு மட்டும் தெரியும்படிதான் செய்யப்படுகின்றன என்பது நினைவுக்கு வந்தது. லாக்அவுட் செய்துவிட்டு என் போனில் திறந்தேன். பரிசு எனக்கும் விழுந்தது.

உள்ளே போய் யூசர் பட்டியலைப் பார்த்தால், மேலே முழு அதிகாரம் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் (அட்மின்) 3 பேர் என்று எண்ணிக்கை காட்டுகிறது, கீழே பட்டியலில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் தன்னைப் பட்டியலிலிருந்து மறைத்துக்கொண்டவர், எண்ணிக்கையை மறைக்க மறந்துவிட்டார். டேட்டாபேஸில் போய் அந்தக் கணக்கை அழித்தேன். அவர் ஏற்றி வைத்திருந்த போலி பிளகினை அழித்தேன். எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினேன், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டேன், முழுத் தளத்தையும் ஸ்கேன் செய்தேன். சரி, முடிந்தது என்று படுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அதே பெயரில் அதே கணக்கு திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அழித்தேன். அதற்கடுத்த நாள் மறுபடியும்.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்து, தளத்துக்கு எப்போது எங்கிருந்து என்ன கோரிக்கை வந்தது என்று பதிவாகும் சர்வர் லாகை எடுத்தேன். டேட்டாபேஸில் அந்தக் கணக்கு உருவான நேரம் இருக்கிறது, வேர்ட்பிரஸ் அதை உலகப் பொது நேரத்தில் எழுதி வைக்கும் என்பதால் நேர வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் புது யூசரைச் சேர்க்கும் பக்கத்துக்கு ஒரு கோரிக்கை போயிருக்கிறது, வெற்றிகரமாக முடிந்திருக்கிறது. எந்த ஐபி முகவரியிலிருந்து என்று பார்த்தேன். என்னுடையது. என் வீட்டு இணைப்பு, என் பிரவுசர், என் லாகின். மூன்று நாளும் திருடனுக்குச் சாவி செய்து கொடுத்தது நானேதான்.

இதுதான் உங்கள் வாசகர்களுக்குப் புரிய வேண்டிய இடம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அந்தத் தளத்தில் விசாரணைப் படிவம் ஒன்று இருந்தது. பெயர், மின்னஞ்சல், செய்தி என்று மூன்று கட்டம். யார் நிரப்பி அனுப்பினாலும் ஒரு பிளகின் அதை டேட்டாபேஸில் சேமித்து வைக்கும். காலையில் நான் அட்மினாக உள்ளே போய், வந்த விசாரணைகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து அமைப்புக்கு அனுப்புவேன். இதில் யாரோ ஒருவர், பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் பெயருக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதி அனுப்பிவிட்டார். எழுதினால் என்ன, அது வெறும் எழுத்துதானே என்று தோன்றும். டேட்டாபேஸில் இருக்கும் வரை வெறும் எழுத்துதான், எத்தனை வருடம் கிடந்தாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் பிளகின் அதை எடுத்து என் பட்டியல் பக்கத்தில் அப்படியே, ஒரு எழுத்துகூட மாற்றாமல் கொட்டியது. பிரவுசருக்கு ஒரு பழக்கம் உண்டு. கோணக் குறியை (<) பார்த்ததும் அது வாசகம் இல்லை, கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டளை எங்கிருந்து வந்தது, தளத்தைச் செய்தவர் எழுதியதா, நள்ளிரவில் முகம் தெரியாத ஒருவர் படிவத்தில் எழுதியதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறது, ஆகவே இந்தத் தளம் சொல்வது, ஆகவே செய்வோம்.

பக்கத்தை யார் திறந்தார்களோ அவருடைய அதிகாரத்தில்தான் அது ஓடும். நான் அட்மின். ஆகவே அந்த நிரல் அட்மினாக ஓடியது. எனக்குத் தெரியாமல் பின்னணியில் புது யூசரைச் சேர்க்கும் பக்கத்தை எடுத்து, கோரிக்கை அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க அதிலிருக்கும் பாதுகாப்பு டோக்கனைப் படித்து, படிவத்தை நிரப்பி, அட்மினிஸ்ட்ரேட்டர் என்று தேர்வு செய்து அனுப்பியது. நானே உட்கார்ந்து மவுஸால் செய்திருந்தால் என்ன நடந்திருக்குமோ அதுவேதான் நடந்தது. வேர்ட்பிரஸ்ஸின் பக்கமிருந்து பார்த்தால் சந்தேகப்பட எதுவுமே இல்லை.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள்கூட, லாகின் செய்தவர் இவர்தான் என்று தளத்துக்குக் காட்டும் குக்கீயைத் திருடிவிட்டார்களா என்று கேட்பார்கள். இல்லை. வேர்ட்பிரஸ்ஸின் லாகின் குக்கீக்கு எச்டிடிபி ஒன்லி என்று ஒரு பூட்டு உண்டு, அதை ஜாவாஸ்கிரிப்ட்டால் படிக்க முடியாது. ஆனால் படிக்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பவனுக்குச் சாவி எதற்கு? அதே காரணத்தால்தான் பாஸ்வேர்டு மாற்றியும் பயனில்லை, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் பயனில்லை. இரண்டும் வாசலில் நிற்பவை. நான் இரண்டையும் முறைப்படி தாண்டி உள்ளே வந்து, பட்டியலைத் திறந்த பிறகுதான் அது விழித்துக்கொள்கிறது. தினமும் கணக்கை அழித்த நான், படிவத்தில் வந்த அந்த ஒரு வரிசையை அழிக்கவில்லை. தினமும் காலையில் அதே பட்டியலைத் திறந்தேன்.

அந்த வரிசையை நான் ஏன் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பட்டியலில் ஒரு வரிசையில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. யாரோ அவசரத்தில் பெயர் போடாமல் அனுப்பிவிட்டார் போலிருக்கிறது என்று கடந்து போய்விட்டேன். நிரல் ஓடுமே தவிரக் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் அந்த இடம் காலி. ஆனால் அந்தப் படிவத்தில் பெயர் கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டம். பெயர் இல்லாமல் அந்தப் படிவத்தை அனுப்பவே முடியாது. அப்படி அமைத்தவனே நான்தான்! டேட்டாபேஸில் நேரடியாகப் போய்ப் பார்த்தபோது, இருபது எழுத்துக்கு மேல் போகாத அந்தப் பெயர்ப் பத்தியில் ஒரே ஒரு வரிசை மட்டும் திரை முடியும் வரை நீண்டுகொண்டே போனது.

இப்போது உங்கள் கட்டத்துக்கு வருகிறேன். தெரியாத லிங்க்கை அழுத்தாதீர்கள் என்ற யோசனை இந்த ஓட்டையின் தம்பிக்குப் பொருந்தும். ரிஃப்ளெக்டட் என்று ஒரு வகை உண்டு, அதில் நிரல் லிங்க்குக்குள்ளேயே இருக்கும், யாராவது ஏமாந்து அழுத்தினால்தான் வேலை செய்யும். எனக்கு நேர்ந்த ஸ்டோர்டு வகையில் நிரல் தளத்திலேயே சேமிக்கப்பட்டிருக்கும், அழுத்த எதுவுமில்லை. தன் தளத்தில், தன் பக்கத்தை, தன் வேலைக்காகத் திறப்பதுதான் செய்ய வேண்டிய ஒரே தவறு. அதைத் தவறு என்று எப்படிச் சொல்வது? பாதிக்கப்பட்டவரைப் பார்த்து ஜாக்கிரதையாக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கும் பழக்கம் நமக்கு அதிகம். இதில் அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் பற்றி அமெரிக்காவின் செர்ட் என்னும் கணினிப் பாதுகாப்பு மையம் எச்சரிக்கை வெளியிட்டது 2000 பிப்ரவரியில். பெயரில் சைட் விட்டு சைட் என்று வருவதை வைத்து அர்த்தம் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். தொடக்கத்தில் பார்த்த தாக்குதல்களை வைத்துச் சூட்டிய பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. சுருக்கி சிஎஸ்எஸ் என்று சொன்னால் பக்க அலங்காரத்துக்கான சிஎஸ்எஸ்ஸோடு குழம்பும் என்பதால் எக்ஸ்எஸ்எஸ் ஆனது. 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்னும் சமூக வலைதளத்தில் சாமி கம்கார் என்ற 19 வயது இளைஞர் தன் சுயவிவரப் பக்கத்தில் இப்படி ஒரு நிரலை வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கத்திலும் அது தன்னை நகலெடுத்துக்கொள்ளும், அவர்களைப் பார்த்தவர்களின் பக்கத்திலும், அப்படியே. ஒரு நாள் முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பக்கங்களுக்குப் பரவி, கடைசியில் தளத்தையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது (பிடித்தது என்று சொல்லலாமா தெரியவில்லை) ஒன்று உண்டு. மைஸ்பேஸ் ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லைக் கண்டாலே நீக்கிவிடும். அவர் ஜாவா என்று எழுதி, அடுத்த வரிக்குப் போய், ஸ்கிரிப்ட் என்று எழுதினார். வடிகட்டிக்கு அது வேறு சொல். சில பிரவுசர்களுக்கு அது அதே சொல்.

கெட்ட சொற்களைப் பட்டியல் போட்டு உள்ளே வரும்போதே வடிகட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், எனக்கு வேலை கொடுப்பவர்களிலும் உண்டு. அது நடக்காது. எதை வடிகட்டுவது என்று யோசிப்பவர் ஒருவர், அதைத் தாண்டுவது எப்படி என்று யோசிப்பவர்கள் உலகம் முழுக்க. ஒரே எழுத்து ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு அர்த்தம், ஒரு லிங்க்குக்குள் இன்னொரு அர்த்தம், மேற்கோள் குறிக்குள் வேறு அர்த்தம் தரும் என்பதால், உள்ளே வரும் இடத்தில் நின்றுகொண்டு இது பாதுகாப்பானதா என்று தீர்மானிக்கவே முடியாது. வெளியே காட்டும் இடத்தில், காட்டுகிற அந்த நொடியில், அந்த இடத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். கோணக் குறியை அப்படியே எழுதாமல், பிரவுசர் கோணக் குறியாக வரைந்து மட்டும் காட்டும்படியான நான்கு எழுத்துச் சரமாக மாற்றி எழுதினால் போதும், நிரல் வெறும் வாசகமாகிவிடும். பெயர்க் கட்டத்தில் முழு நிரலும் எழுத்தாகவே தெரியும், முதல் நாளே நான் பார்த்துச் சிரித்திருப்பேன். இதை எஸ்கேப் செய்வது என்பார்கள். வேர்ட்பிரஸ்ஸில் இதற்கென்றே ஃபங்ஷன்கள் தயாராக இருக்கின்றன, பக்கத்தின் நடுவில் காட்ட ஒன்று, மேற்கோள் குறிக்குள் காட்ட ஒன்று, லிங்க்குக்கு ஒன்று என்று. எழுதவும் வேண்டாம், அழைத்தால் போதும்.

நான் அந்த பிளகினின் பழைய பதிப்பையும் திருத்திய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். மாறியிருந்தது ஒரே ஒரு வரி. பெயரை அச்சிடும் இடத்தில் அந்த ஃபங்ஷனைச் சுற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். மின்னஞ்சலுக்கும் செய்திக்கும் முன்பே சரியாகச் செய்திருந்தார்கள், பெயரை மட்டும் மறந்திருக்கிறார்கள். பெயரில் யார் என்ன எழுதப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். மறதி மனித இயல்பு, நானும் நிரல் எழுதுபவன், அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது வேறு ஒன்றில். அந்தத் திருத்தத்தோடு அவர்கள் எழுதியிருந்த குறிப்பு "சிறு பிழைத் திருத்தங்கள்". பூட்டே இல்லாத கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம் என்று எழுதுவதா? பாதுகாப்புத் திருத்தம் என்று இரண்டு சொல் போட்டிருந்தால் நான் அன்றைக்கே அப்டேட் செய்திருப்பேன்.

செய்திருப்பேனா? நேர்மையாகச் சொன்னால் தெரியவில்லை. அந்தத் திருத்தம் வெளியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்டேட் இருக்கிறது என்று சிவப்பு வட்டம் தினமும் என் கண்ணில் பட்டது. முன்பு ஒருமுறை ஏதோ ஒரு பிளகினை அப்டேட் செய்து தளத்தின் அமைப்பே சிதறிப்போய், அமைப்பிலிருந்து கூப்பிட்டுக் கத்தினார்கள். அதிலிருந்து ஓடுகிற வண்டியைத் தொடாதே என்று ஒரு பயம். என்னைப் போன்ற பராமரிப்பாளர்கள் பலருக்கும் இந்தப் பயம் உண்டு, பேசிப் பார்த்திருக்கிறேன்.

பெரிய பிளகின்களிலும் இதே கதைதான். பல லட்சம் தளங்களில் ஓடும் லைட்ஸ்பீட் கேஷ் என்ற பிளகினில், லாகினே செய்யாத ஒருவர் வெளியிலிருந்து எழுதிய வாசகம் அட்மின் பக்கத்தில் அறிவிப்பாகத் தோன்றக்கூடிய ஓட்டை இருந்தது. 5.7.0.1 பதிப்பில், 2023 அக்டோபரில், அதை அடைத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் விவரம் வெளியே வந்தது. 2024 மே மாதத்திலும் பழைய பதிப்பை வைத்திருந்த தளங்களைத் தேடித் தேடிப் போலி அட்மின் கணக்குகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து வந்து ஏறக்குறைய ஏழு மாதம் ஆகியும் நோய் பரவியது. படிவம்கூடத் தேவையில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கெடுக்கும் டபிள்யூபி ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற பிளகினில், வருகிறவர் திறக்கும் முகவரியிலேயே நிரலை வைத்தால் அது வருகைக் கணக்கோடு சேர்ந்து சேமிக்கப்பட்டுவிடும் என்று 2024-இல் தெரியவந்தது. வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாலே போதும். எழுதுகிற எவரையும் நம்பாமல் இருக்கப் பழகிய நாம், லாகில் விழுகிறதை நம்பிவிடுகிறோம்.

இன்னொரு சிக்கல், இந்த ஓட்டைகளுக்குக் கொடுக்கப்படும் மதிப்பெண். தளத்தில் எழுதும் உரிமை மட்டும் உள்ள கன்ட்ரிபியூட்டர் கணக்கு இருந்தால்தான் பயன்படுத்த முடியும் என்கிற ஸ்டோர்டு எக்ஸ்எஸ்எஸ் ஓட்டைகளுக்குப் பெரும்பாலும் 10-க்கு 6.4 என்று போடுவார்கள். 7-க்குக் கீழே என்றால் "நடுத்தரம்" என்ற வகைக்குள் வந்துவிடும். நடுத்தரம் என்ற சொல்லைப் படித்ததும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பலர் எழுதும் தளத்தில், எப்போதோ ஒரு கட்டுரை எழுத வந்து போனவரின் மறந்துபோன கணக்கு ஒன்று கசிந்தால், அந்த நடுத்தரம் நேராக அட்மின் நாற்காலியில் போய் உட்காரும். பல பேர் எழுதும் தளம் என்றால் உங்கள் நாளிதழின் தளமும் அதில் சேர்த்திதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எனக்கு என்ன வேண்டும்? இரண்டு விஷயம்தான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போடும்போது "ஹேக்கர்கள் கைவரிசை" என்று தலைப்புப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது எந்த பிளகின், எந்தப் பதிப்பு வரை ஓட்டை, எந்தப் பதிப்பில் அடைக்கப்பட்டது என்பதை ஒரு வரியில் சேருங்கள். இந்த ஓட்டைகளுக்கு சிவிஇ எண் என்று ஒன்று கொடுக்கப்படும், அதைப் போட்டாலே எங்களைப் போன்றவர்கள் தேடிக்கொள்வோம். கட்டத்தில் அறிவுரை போட்டே ஆக வேண்டும் என்றால் தளம் வைத்திருப்பவர்களுக்குப் போடுங்கள். பயன்படுத்தாத பிளகினைச் செயலிழக்க வைத்தால் போதாது, அழித்துவிடுங்கள் என்று போடுங்கள். பிளகின்கள் தாமாகவே அப்டேட் ஆகும் வசதி வேர்ட்பிரஸ்ஸில் 2020-லேயே வந்துவிட்டது, அதைப் போட்டுவிடுங்கள் என்று போடுங்கள். தளம் சிதறிவிடும் என்ற பயத்துக்கு மாற்று, தினமும் பேக்அப் எடுத்து வைப்பது. சிதறின தளத்தை ஒரு மணி நேரத்தில் திரும்ப வைத்துவிடலாம், நான்கு நாள் வெளியாட்களுக்குப் பரிசு விழ வைத்த தளத்தின் பெயரை அவ்வளவு சீக்கிரம் மீட்க முடியாது. அப்புறம், தினசரி விசாரணைகளைப் பார்க்க அட்மின் கணக்கு எதற்கு? அந்த வேலைக்கு மட்டும் உரிமை உள்ள சிறிய கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டால், நிரல் ஓடினாலும் புது அட்மினைச் சேர்க்க அதற்கு அதிகாரம் இருக்காது. இதை நான் அந்த நான்காம் நாள் இரவுதான் செய்தேன்.

இரண்டாவது, பிளகின் எழுதுபவர்களுக்கு உங்கள் பக்கம் வழியாக ஒரு வேண்டுகோள். ஓட்டையை அடைத்தால் ஓட்டையை அடைத்தோம் என்று எழுதுங்கள். கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறீர்கள். திருடர்கள் உங்கள் குறிப்பைப் படிப்பதில்லை, பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் நான் செய்தது போலவே ஒப்பிட்டுப் பார்த்து அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். குறிப்பை மட்டும் நம்பியிருப்பது நாங்கள்தான்.

அந்த வரிசையை அழிப்பதற்கு முன் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் நகலெடுத்து வைத்திருக்கிறேன். இதைப் பற்றி விரிவாக எழுத உங்கள் நிருபர் யாராவது விரும்பினால் அனுப்பித் தருகிறேன். நோட்பேடில் மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளராக இருக்கும் உங்கள் வாசகர்